சுண்ணாம்பு தடவாத கலயம்

இது நான் கண்ணால் பார்த்த கதை இல்லை. என் சித்தி மகள் சுகந்தி எனக்குச் சொன்னாள். அவளுக்கு ஜெயக்கொடி மைனி சொன்னது, அதுவும் ஒரே மூச்சில் இல்லை, கருப்பட்டி ஊற்றும்போது கொஞ்சம், குழாயடியில் கொஞ்சம். ஒருத்தியின் மனசுக்குள் ஓடியதை இரண்டு வாய் தாண்டி வாங்கி எழுதுகிறேன். அவள் நினைக்காத எதையாவது நான் நினைக்க வைத்திருந்தால் அந்தப் பிழை என்னுடையது.

ஆனி மாதத்துச் சனிக்கிழமை, மத்தியானச் சோறு முடிந்து கண் செருகுகிற நேரம். பள்ளிக்கூடத்துப் பெரிய வகுப்பறையில் பெஞ்சுகளைச் சுவரோரம் தள்ளிவிட்டு ஜமுக்காளம் விரித்திருந்தார்கள். தாய்மார்கள் உள்ளே, தரையில். ஆம்பிளைகள் வெளியே, சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டும் வேப்பமரத்தில் சாய்ந்துகொண்டும். தவசிலிங்கமும் அங்கேதான் நிற்கிறான் என்று ஜெயக்கொடிக்குத் தெரியும். திரும்பிப் பார்க்காமலே தெரியும், கட்டின புருஷன் இருமுகிற இருமல் தெரியாதா. முன்னால் ரெபேக்கா டாக்டர் கையில் மைக்கோடு நின்றார். இரண்டு வருஷமாக இந்தப் பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை நிறுத்துப் பார்த்து, அளந்து பார்த்து, படம் காட்டிக் கேள்வி கேட்டு, முகத்தை நேராகவும் பக்கவாட்டிலும் போட்டோ எடுத்துக்கொண்டு போனவர். ஆராய்ச்சி என்று வந்தவர்கள் யாரும் இதுவரை திரும்பி வந்ததில்லை. மண்ணை அள்ளிக்கொண்டு போனவர்கள், கிணற்றுத் தண்ணீரை பாட்டிலில் பிடித்துக்கொண்டு போனவர்கள், எல்லாரும் போனதோடு சரி. இந்த அம்மா திரும்பி வந்ததே ஜெயக்கொடிக்குப் பயமாக இருந்தது. நல்ல சேதி சொல்ல யார் இவ்வளவு தூரம் வெயிலில் வருவார்கள். "நாங்க கண்டுபிடிச்சத வேற எங்கேயும் சொல்றதுக்கு முன்னாடி உங்ககிட்டச் சொல்லணும்னு வந்தோம். உங்க பிள்ளைங்களப் பத்தி உங்களுக்குத் தெரியாம வெளியில தெரியக் கூடாது," என்றார் டாக்டர். பின்வரிசையிலிருந்து வேலம்மா, "அப்ப காப்பியக் குடிச்சிக்கிடுதோம் டாக்டரம்மா, கேட்டதுக்கப்புறம் எறங்குமோ என்னமோ," என்றாள். எல்லாரும் சிரித்தார்கள், டாக்டரும் சிரித்தார். ஜெயக்கொடி கொஞ்சம் பிந்திச் சிரித்தாள். அவளுக்குக் காப்பி ஏற்கெனவே இறங்கவில்லை. அவளுக்குப் போன வாரமே சொல்லியாகிவிட்டது.

போன வாரம் டாக்டர் வீட்டுக்கே வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் பாயில் உட்கார்ந்தார். அப்பவே புரிந்தது, பாயில் உட்காருகிறவர்கள் லேசான சேதி கொண்டு வருவதில்லை. "உங்க சின்னவ ரிதன்யா சேட்டைக்காரி இல்லக்கா, சோம்பேறியும் இல்ல. சொன்னதப் பிடிச்சு வைக்கிறது அவ மூளைக்குக் கஷ்டம். கருவுல இருக்கும்போது மது பட்டா இப்படி வரலாம். நீங்க அப்ப ஏதாவது குடிச்சீங்களா? குத்தம் சொல்லக் கேக்கல." "சத்தியமா இல்ல டாக்டர்." வாசலில் நின்ற தவசிலிங்கமும், "எங்க வீட்ல அந்தப் பழக்கமே கெடையாதும்மா. நானே தொடமாட்டேன்," என்றான். உண்மை. பனையேறி குடிக்காமல் இருக்கிறான் என்று விளையில், இந்தப் பனந்தோப்பில், அவனைக் கேலி பண்ணாதவன் கிடையாது. டாக்டர் தலையாட்டினார், நம்பினார், நம்பினது முகத்தில் தெரிந்தது, அதுதான் இப்போது தைக்கிறது. போகும்போது ரிதன்யாவின் முகத்தைக் காட்டிச் சொன்னார், மூக்குக்குக் கீழே மேலுதட்டுக்கு மேலே எல்லாருக்கும் ஒரு பள்ளம் இருக்கும், இவளுக்கு அது அழுந்தவில்லை, பாருங்கள் என்று. பார்த்தாள். எட்டு வருஷமாகப் பார்த்த முகம். அந்த இடம் வழவழவென்று இருப்பதை அவள் அழகு என்று நினைத்திருந்தாள், குளிப்பாட்டும்போது அங்கேதான் முத்தம் கொடுப்பாள். அன்றிலிருந்து எந்த முகத்தைப் பார்த்தாலும் முதலில் அந்த இடம்தான். மூத்தவள் சௌமியாவுக்குப் பள்ளம் இருக்கிறது. பால்காரருக்கு இருக்கிறது. இதோ பக்கத்தில் உட்கார்ந்து புடவைத் தலைப்பால் விசிறிக்கொள்கிற சுகந்திக்கு இருக்கிறது, வியர்வை ஒரு சொட்டு அதில் நிற்கிறது. சுகந்தியின் வயிற்றில் அஞ்சு மாசம். அதற்கு? வேண்டாம், அங்கே போகாதே. ரிதன்யா வெளியே ஓடுகிற சத்தம் கேட்கிறது, அவள் கால் வைக்கிற சத்தம் தனி, எதிலாவது மோதிக்கொண்டேதான் ஓடுவாள். யார் கூப்பிட்டாலும் போவாள். தெரியாதவன் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போயிருக்கிறாள். கடைக்கு அனுப்பினால் கடைக்காரரோடு பேசிவிட்டு வெறுங்கையோடு சிரித்துக்கொண்டு வருவாள். அடுப்புக்கிட்ட போகாதே என்றால் சரிம்மா என்பாள், சரிம்மா என்று சொல்லிக்கொண்டே போவாள். கொதிக்கிற பதனி. அதற்குப் பயந்துதான் அடித்தாள். பனைமட்டையின் ரம்பம் போன்ற கருக்கைச் சீவிவிட்டு, சீவினதை ஒரு கருணை என்று நினைத்துக்கொண்டு அடித்தாள். பிள்ளை அழுதது, பிறகு எதற்கு அழுகிறோம் என்பதே மறந்துபோய் அவள் மடியிலேயே வந்து படுத்தது. அடித்ததும் மறந்துவிட்டது, அடி எதற்கு என்பதும் மறந்துவிட்டது. அப்படியானால் அத்தனை அடியும் எங்கே போயிற்று? அவ வேணும்னு செய்யலைன்னா நான் அடிச்சதெல்லாம் என்ன?

"எங்களுக்கு ஒண்ணு பிடிபடல," என்று டாக்டர் சொல்லிக்கொண்டிருந்தார். மின்விசிறிச் சத்தத்தில் வார்த்தைகள் விட்டு விட்டு வந்தன. "இந்தப் பக்கத்துல இப்படிப் பிள்ளைங்க சில பேர் இருக்காங்க. ஆனா அம்மாக்கள் யாரும் குடிச்சதில்லைன்னு சொல்றீங்க. நீங்க பொய் சொல்றீங்கன்னு நான் நினைக்கல. நாங்க கேட்டதுதான் சரியில்லையோன்னு தோணுது. சாராயமா, பிராந்தியா, கள்ளான்னு கேட்டோம். பேர விடுங்க. இனிப்பா இருக்கிற எதுவும் அப்படியே வச்சா மாவு மாதிரிப் பொங்கி நுரைக்கும் இல்லையா? அப்படி நுரைச்ச எதையாவது, மருந்துன்னோ குளிர்ச்சின்னோ, மாசமா இருக்கிற பொண்ணுக்குக் குடுக்கிற வழக்கம் இங்க உண்டா?" வேலம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். ஒரு பிள்ளை கொட்டாவி விட்டது. நுரை, என்று ஜெயக்கொடியின் மனசு சொன்னது. மறுபடி சொன்னது, நுரை. சொம்பின் விளிம்பில் வெள்ளையாகச் சுற்றிக்கொண்டு, குடிக்கும்போது மேலுதட்டில் ஒட்டிக்கொண்டு, புறங்கையால் துடைத்தால் துடைத்த இடம் பிசுபிசுவென்று. மேலுதட்டில். அந்தப் பள்ளத்தில்.

கலயம் என்றால் உள்ளே சுண்ணாம்பு இருக்கும். அது இல்லாமல் கலயம் பனையில் ஏறாது. சுண்ணாம்பு இருந்தால் பாளையிலிருந்து சொட்டுவது பதனி, காய்ச்சினால் கருப்பட்டி. சுண்ணாம்பு இல்லாவிட்டால் அது விடிவதற்குள் புளிக்கத் தொடங்கும், புளித்தால் அதற்குப் பெயர் வேறு, அதற்குப் போலீஸ் வரும். விளையில் பிறந்த பிள்ளைக்கும் இது தெரியும். அவளுக்கும் தெரியும்தானே. தெரிந்ததை எப்படித் தெரியாமல் வைத்திருந்தாள்? அந்த வருஷம் பங்குனியில் பதனி இறங்க ஆரம்பித்தபோது அவளுக்கு மசக்கை. பதனி வாசம் பட்டாலே குமட்டல், சோறும் வயிற்றில் நிற்கவில்லை. தவசிலிங்கம் அவள் வாந்தியெடுப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான், கையில் பாளை அரிவாளோடு, பாவம்போல. மறுநாள் தானாகவே சொன்னான், "சுண்ணாம்புதான் ஆகல ஒனக்கு. அது சூடு. சின்னதுல எனக்குச் சுண்ணாம்பு கூடிப்போன பதனியக் குடிச்சி வாயெல்லாம் வெந்துபோச்சி. என் வாயே வெந்துச்சின்னா உள்ள இருக்கிற பூவு தாங்குமா?" அவள் கேட்கவில்லை. ஒரு நாளும் கேட்டதில்லை. அவனாகவே விளையின் ஓரத்துப் பனையில் ஒரு கலயத்தைச் சுண்ணாம்பு தடவாமல் கட்டினான். மற்றக் கலயங்களுக்குத் தடவிவிட்டு அவன் கையைத் துணியில் துடைக்கமாட்டான், அந்தக் கலயத்தின் கழுத்திலேயே மூன்று விரலையும் ஒரு இழுப்பு இழுப்பான். அவன் கலயம் என்று தூரத்திலிருந்தே தெரியும், விபூதிப் பட்டை போட்ட சாமியார் கலயம் என்று சிரிப்பார்கள். அந்த ஒரு கலயத்தின் கழுத்தில் மட்டும் பட்டை இல்லை. விடியக் கருக்கலில் அதைத்தான் முதலில் இறக்கி விடிலிக்கு, பதனி காய்ச்சுகிற அந்த ஓலைக் கொட்டகைக்கு, மார்போடு அணைத்துக்கொண்டு வருவான். நகை வாங்கி வருகிறவன் மாதிரி. வயிற்றுப்பிள்ளைக்காரிக்குத் தனிக் கலயம் கட்டுகிற வழக்கம் விளையில் அங்கங்கே உண்டு. பிரியமுள்ள புருஷன் கட்டுவான், மற்றப் பெண்கள் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள். காலையில் பாதி குடிப்பாள். மீதி சொம்பில் நிற்கும். அடுப்படியில் வெந்து மத்தியானம் நாக்கு வறளும்போது அதையும் எடுத்துக் குடிப்பாள், அப்போது நன்றாக நுரைத்திருக்கும், புளிப்பு நாக்கைக் கிள்ளும், குமட்டலுக்கு அந்தப் புளிப்பு இதமாக இருந்தது. பிறகு கண் லேசாகச் சொக்கும். அடுப்புச் சூடு என்று நினைத்தாள். மாசமாக இருந்தால் தூக்கம் வரும்தானே என்று நினைத்தாள். கள் என்பது தெருவில் விழுந்து கிடக்கிறவன் குடிப்பது. இது பதனி, அவளுக்காக இறக்கினது. சௌமியாவைச் சுமந்தது மழைக்காலத்தில், கலயமெல்லாம் கவிழ்த்துக் கிடந்தபோது. பதனி இறங்கத் தொடங்கியபோது அவள் தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தாள். சௌமியாவுக்குப் பள்ளம் இருக்கிறது. முன்வரிசையில் குருவம்மா உட்கார்ந்திருக்கிறாள், அவள் புருஷன் மிதிக்கிற மிதியில் பல் போனவள், அவளுக்கு எவன் தனிக் கலயம் கட்டினான். அவள் மகன் வகுப்பில் முதல் பிள்ளை. பிரியம் வைத்தவன் பிள்ளைக்கா இப்படி? ஜெயக்கொடிக்குச் சிரிப்பு வந்தது, பயங்கரமான சிரிப்பு, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"என்ன மைனி, வாந்தி வருதா? வரவேண்டியது எனக்குல்லா?" என்று சுகந்தி காதோடு கேட்டாள். "ஒண்ணுமில்ல, சும்மா இரி." சுகந்தியின் மூச்சு கன்னத்தில் பட்டது. அதில் அந்தப் புளிப்பு இருந்ததா, இல்லை, அவளாக நினைத்துக்கொண்டாளா? இன்றைக்குக் காலையில்தான் பார்த்தாள், சுகந்தி விடிலி வாசலில் நின்று சொம்பை அண்ணாந்து குடித்தாள், மேலுதட்டில் நுரை. செந்தூர்பாண்டி, அவள் புருஷன், பக்கத்து விளைக்காரன், ஓரத்துப் பனையில் கட்டின கலயம். கட்டச் சொன்னது யார்? போன மாசம் இதே ஜெயக்கொடிதான், பெரிய மனுஷிபோல, "ஏட்டி, சுண்ணாம்பு சூடுட்டி, தனிக் கலயம் போடச் சொல்லு அவன்ட்ட," என்றாள். வாய் சும்மா இருந்ததா. இப்போது சொல்லிவிடலாம். டாக்டர் கேட்டுவிட்டுக் காத்துக்கொண்டு நிற்கிறார், நல்ல மனுஷி, வேர்த்து ஊற்றுகிறது, சொல்லிவிடலாம். சொன்னால் சன்னலுக்கு வெளியே இருமல் நிற்கும். அவன் கேட்பான். நீ ஆசை ஆசையாகக் கட்டின கலயம்தான் என்று அத்தனை பேர் நடுவில் அவன் கேட்பான். ரிதன்யாவைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறவன். அவள் சோற்றைக் கொட்டினால், "கொட்டட்டும், எறும்பு தின்னும்," என்கிறவன். அவன் விடிந்ததும் ஏறவேண்டும். பனையேறி தலைக்குள் எதையும் வைத்துக்கொண்டு ஏறக் கூடாது, கால் எங்கே, கை எங்கே, அது மட்டும்தான் இருக்கவேண்டும். அடுத்தவன் பனையை விரலால்கூடத் தொடாதவன், அப்படித் தொடுவது விளையில் திருட்டைவிடக் கேவலம், அவ்வளவு சுத்தமானவன், இதைத் தலையில் வைத்துக்கொண்டு உச்சியில் நின்று பாளையைச் சீவுவானா? ஒரு கால் தவறினால். மேலேயிருந்து விழுந்தவர்களை அவள் பார்த்திருக்கிறாள், சத்தம்கூடப் பெரிதாக வராது. சொல்லவேண்டாம். சுகந்தியிடம் மட்டும் தனியாகச் சொல்லலாம், நாளைக்கு, குழாயடியில். நாளைக்குக் காலையில் அவள் ஒரு சொம்பு குடித்துவிட்டுத்தான் குழாயடிக்கு வருவாள். இன்றைக்குச் சொன்னாலும் ஏன் மைனி என்பாள், அவள் போய்ச் செந்தூர்பாண்டியிடம் சொல்வாள், அவன் நேராக வந்து, என்ன அண்ணே, நீங்க கட்டினதப் பாத்துத்தானே நான் கட்டினேன் என்று இவனிடம் கேட்பான். எந்தப் பக்கம் போனாலும் பாதை அவன் காலடியில்தான் போய் முடிகிறது. பேசாமல் இருந்தால்? பேசாமல் இருந்தால் ஐப்பசியில் சுகந்திக்குப் பிள்ளை பிறக்கும். எல்லாரும் பிள்ளையின் கையைப் பார்ப்பார்கள், காலைப் பார்ப்பார்கள், நிறத்தைப் பார்ப்பார்கள். ஜெயக்கொடி மட்டும் மூக்குக்குக் கீழே பார்ப்பாள். வாழ்நாளெல்லாம் அந்த இடத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். அவள் கேட்காமல் அவனாகவே கட்டினான் என்பது யாருக்குத் தெரியும்? அவனுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது.

"டாக்டர்," என்றாள். மின்விசிறிச் சத்தத்துக்கு மேலே மறுபடி, "டாக்டர்."

"சொல்லுங்கக்கா."

"ரிதன்யா வயித்துல இருக்கும்போது சுண்ணாம்பு போடாத பதனி குடிச்சேன். காலையில பாதி, மத்தியானம் பாதி. நுரைச்சித்தான் இருக்கும். அன்னைக்கி நீங்க கேட்டப்ப இது நெனப்புக்கே வரல, பொய் சொல்லணும்னு சொல்லல." அடுத்ததைச் சன்னலுக்கு எட்டுகிற மாதிரி உரக்கச் சொன்னாள். "எங்க வீட்டு அவிய வேண்டாம்னுதான் சொன்னாவ. நாந்தான் சுண்ணாம்பு சூடுன்னு பிடிவாதம் பிடிச்சி கட்டச் சொன்னேன்."

வெளியே இருமல் இல்லை. டாக்டர் மைக்கைக் கீழே வைத்துவிட்டு வந்து அவள் எதிரில் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தார். "அக்கா, இதாலதான்னு யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. நீங்க ஆசைப்பட்டது பிள்ளைக்கு நல்லது நடக்கணும்னு. ரிதன்யாவுக்கு என்ன செய்யலாம்னு நாம சேர்ந்து பாப்போம், செய்யறதுக்கு நிறைய இருக்கு. ஆனா இப்ப மாசமா இருக்கிறவங்க யாராவது குடிச்சா, இன்னைக்கே நிறுத்திடலாம். எந்த மாசத்துல நிறுத்தினாலும் நல்லதுதான்."

சுகந்தி இவள் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று தெரியவில்லை. நகம் பதிந்தது. "மைனி, நீதான எனக்குச் சொன்ன?"

"ஆமாட்டி. நாந்தான் சொன்னேன். இப்பவும் நாந்தான் சொல்லுதேன், குடிக்காத."

சுகந்தி கையை உதறவில்லை. பிறகு பின்வரிசையில் வேலம்மா, கேலி எதுவும் இல்லாத குரலில், "எனக்கும் தனிக் கலயம்தான் கட்டினாவ," என்றாள். அவளுக்கு அப்பால் இன்னொருத்தி ஒன்றும் சொல்லாமல் கையை மட்டும் தூக்கினாள். ரிதன்யா வாசலில் செருப்புக் குவியலில் தடுக்கி விழுந்து, எழுந்து, சிரித்துக்கொண்டே உள்ளே ஓடிவந்தாள். "அம்மா, காப்பி." ஏற்கெனவே ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் வெளியே போயிருந்தாள், அது மறந்துவிட்டது. ஜெயக்கொடி தன் டம்ளரை அவளிடம் கொடுத்தாள். பிள்ளை குடித்து நிமிர்ந்தபோது அந்த வழவழப்பான இடத்தில் நுரை ஒட்டியிருந்தது, முந்தானையால் துடைத்துவிட்டாள். சன்னல் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் இரண்டு பேர் முகத்தையும் பார்த்தே அது பொய் என்று எல்லாருக்கும் தெரிந்துபோயிருக்கும் என்று பிறகு சுகந்தியிடம் சொன்னாளாம்.

இதில் ஒன்றை மட்டும் நான் சரிபார்த்தேன். அன்று சாயங்காலமே தன் புருஷன் அந்தக் கலயத்துக்குச் சுண்ணாம்பு தடவிவிட்டதாகச் சுகந்தி சொல்லியிருந்தாள். நான் செந்தூர்பாண்டி அத்தானிடம் கேட்டேன். "அன்னைக்கு நான் திருச்செந்தூருக்குக் கருப்பட்டி கொண்டுபோயிட்டேன், வர இருட்டிட்டு. காலையில ஏறுனா கலயம் உள்ள வெள்ளையா இருக்கு. எவனோ என் பனையில ஏறியிருக்கான்னு மொதல்ல ஆத்திரமா வந்துது, பெறவு கலயத்துக் கழுத்தப் பாத்தேன், எறங்கிட்டேன். நான் தடவல," என்றார். பிறகு என்னை விளைக்குக் கூட்டிக்கொண்டு போய், ஓரத்துப் பனையில் ஏறி அந்தக் கலயத்தை இறக்கிக் காட்டினார். அதன் கழுத்தில், காய்ந்து வெளுத்து, மூன்று விரல் தடம் இருந்தது.